மனிதன் முடிந்து மிருகம் தொடங்கும் இடம்

சுடுமண் சிற்பத்தைப் பார்க்க வருபவர்கள் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கண்ணில் உயிர் இருக்கிறதா, உதட்டில் பாவம் வந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். நான் முகத்தைக் கடைசியில்தான் செய்வேன். என் வேலையில் பெரும்பகுதி, இரண்டு உயிர்கள் ஓருடலில் கலந்த தொன்ம உருவங்கள்: சிங்கத் தலையும் மனித உடலும், மனித இடுப்பும் பாம்பு வாலும், குதிரை உடலும் வீரனின் மார்பும். இவற்றில் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான். மனிதன் எந்த இடத்தில் முடிகிறான், மிருகம் எந்த இடத்தில் தொடங்குகிறது? மண் வெடிப்பது அந்த இடத்தில்தான். கதை குடியிருப்பதும் அங்கேதான். பல வருடங்களாக இந்த வேலையில் நான் கற்றதெல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்த இணைப்பைப் பற்றியதாகவே இருக்கிறது.

நான் சிற்பத்தில் தொடங்கவில்லை, பானையில் தொடங்கினேன். சக்கரத்தில் மண்ணை நடுப்படுத்தி, சுவரை ஒரே கனத்தில் மேலே இழுக்கும் பயிற்சிதான் முதல் சில வருடங்கள் முழுவதும். சிற்பம் செய்ய விரும்பும் இளைஞர்கள் பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்க ஆசைப்படுகிறார்கள். வேண்டாம் என்பேன். சுடுமண் சிற்பம் என்பது உள்ளே காலியாக இருக்கும் ஒரு பாத்திரம். அதன் வெளிப்புறம் உருவமாக இருக்கிறது, அவ்வளவுதான். சுவரின் கனத்தை விரலால் அளக்கத் தெரியாதவர் செய்யும் சிங்கம், பார்க்க எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், சூளையிலிருந்து முழுதாக வெளியே வராது. எனக்குச் சிற்பம் கற்றுத்தந்த ஆசிரியை, மாணவர்கள் கொண்டுவரும் உருவத்தை உடனே தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே எட்டிப் பார்ப்பார். "முகத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் தோளுக்குப் பின்னால் உட்புறம் எப்படி இருக்கிறது, காட்டு" என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அருங்காட்சியகத்துக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிவந்து சிற்பத்தின் முதுகையும் அடிப்பாகத்தையும்தான் முதலில் தேடுகிறேன்.

மண்ணால் உயிர் செய்த கதைகள் உலகெங்கும் இருக்கின்றன. எகிப்தின் குனூம், ஆட்டுக்கடாத் தலை கொண்ட தெய்வம். குயவர் சக்கரத்தில் மனிதனை வனைகிறார். லக்சர் கோயில் சுவரில் அவர் ஒரே நேரத்தில் இரண்டு சிறு உருவங்களைச் செய்கிறார்: ஒன்று பிறக்கப்போகும் அரசன், மற்றொன்று அவனுடைய உயிராற்றல். சீனத்தின் நூவா, முதலில் மஞ்சள் மண்ணை எடுத்து ஒவ்வொரு மனிதனாகக் கையால் பிடிக்கிறாள். களைத்த பிறகு கயிற்றைச் சேற்றில் தோய்த்து உதறுகிறாள், சிதறிய துளிகளெல்லாம் மனிதர்களாகின்றன. இவற்றையெல்லாம் விட என் வேலைக்கு நெருக்கமாக நான் நினைப்பது பிள்ளையார் பிறந்த கதை. பார்வதி தன் உடலில் பூசியிருந்த மஞ்சளைத் திரட்டிப் பிள்ளையைப் பிடிக்கிறாள். உடல் முதலில். பிறகு அந்தத் தலை வெட்டுண்டு, வேறோர் உயிரின் தலை வந்து பொருந்துகிறது. சிற்பியின் கண்ணோடு படித்தால் இது செய்முறையாகவே தெரிகிறது: உடலைக் கட்டு, கழுத்தில் வெட்டு, தனியாகச் செய்த தலையைக் கொண்டுவந்து சேர், சேர்ந்த இடம் உயிருள்ளதாகத் தெரிய வேண்டும். தட்சனுக்கு ஆட்டுத் தலை, ஹயக்ரீவருக்குக் குதிரைத் தலை என்று நம் புராணங்கள் இந்தக் கழுத்தை விட்டு நகர்வதே இல்லை. கலப்பு உருவம் செய்ய வருபவர் முதலில் கழுத்தைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இணைப்பு ஏன் வெடிக்கிறது? ஈரமண் காயும்போது சுருங்குகிறது. கலவையைப் பொறுத்து, காய்ந்து முடிப்பதற்குள் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை சுருங்கும். சுட்டு முடிக்கும்போது மொத்தம் பத்து, பன்னிரண்டு பங்கு வரை போகலாம். உடலை நேற்றுக் கட்டினோம், தலையை இன்று செய்தோம் என்றால் உடல் ஏற்கெனவே ஓரளவு சுருங்கி முடித்திருக்கும். தலை இனிமேல்தான் சுருங்கப்போகிறது. இரண்டையும் ஒட்டிவைத்தால் ஒன்று இழுக்கும், மற்றொன்று நகராது. விரிசல் அன்றைக்கே தெரியாது. காய்ந்த பிறகு முடி கனத்தில் ஒரு கோடாகத் தோன்றும். சூளையில் வாய் பிளக்கும். ஆகவே ஒட்டும் பசையின் வலிமையைப் பற்றி யோசிப்பதை விட, ஒட்டப்படும் இரு துண்டுகளிலும் ஈரம் சமமாக இருக்கிறதா என்று யோசிப்பதுதான் பயன் தரும்.

நரசிம்மரின் தலையை நான் சேர்க்கும் முறையை இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன். உடலும் தலையும் தனித்தனியாக, கயிறுபோல் உருட்டிய மண் திரிகளை அடுக்கிக் கட்டியவை. இரண்டும் பாதி காய்ந்த பதத்துக்கு வந்ததும் (விரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது, கத்தியால் சீவினால் சுருள் உடையாமல் வர வேண்டும்) ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் சேர்த்து மூடி, ஓரிரு நாள் அப்படியே விட்டுவிடுவேன். உறைக்குள் ஈரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவிச் சமமாகும். இந்தக் காத்திருப்பைச் செய்யாதவர்கள்தான் பசையைக் குறை சொல்வார்கள். பிறகு கழுத்தின் இரு விளிம்புகளையும் சாய்வாகச் சீவுகிறேன். நேராக வெட்டிய விளிம்புகளை விட, சாய்வாகச் சீவியவை ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பு அதிகம். இரண்டு பரப்பிலும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக ஆழமாகக் கீறி, அதே மண்ணில் கரைத்த கெட்டிக் குழம்பைத் தடவுகிறேன். குழம்பில் தண்ணீருக்குப் பதில் சில சொட்டு வினிகர் சேர்த்தால் ஒட்டும் தன்மை கூடுகிறது. வேறு மண்ணின் குழம்பைப் பயன்படுத்தவே கூடாது. அதன் சுருக்கம் வேறு.

தலையை வைத்து, மெல்ல இடமும் வலமும் அசைத்து அழுத்தும்போது ஒரு கட்டத்தில் அது நகர மறுக்கும். குழம்பு விளிம்பில் பிதுங்கி நிற்கும். அதுதான் பிடித்துக்கொண்டதன் அடையாளம். இப்போது பச்சைக் குழந்தையின் கழுத்தைத் தாங்குவதுபோல ஒரு கையால் பின்தலையைத் தாங்கிக்கொண்டு, மற்றொரு கையைச் சிங்கத்தின் வாய் வழியாகவோ முதுகில் விட்டுவைத்த திறப்பு வழியாகவோ உள்ளே விட்டு, உட்புறத் தையலின்மேல் மெல்லிய மண் திரி ஒன்றை வைத்துத் தேய்த்து அமுக்க வேண்டும். வெளிப்புறமும் அப்படியே. பிறகு மரப்பட்டையால் சுற்றிலும் தட்டுகிறேன். தட்டும் சத்தத்தில் மாற்றம் தெரியும்: சேராத இடத்தில் சத்தம் பொத்தலாகவும், சேர்ந்த இடத்தில் இறுகியதாகவும் கேட்கும். இதெல்லாம் முடிந்த பிறகே பிடரி மயிரை வைக்கத் தொடங்குகிறேன். மயிர்க்கற்றைகள் கழுத்திலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து மார்புக்கும் வழிந்து இணைப்பைக் கடந்து போகும். ஒவ்வொரு கற்றையும் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும் ஒரு தையல். அழகுக்காக வைத்தது என்றே பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அழகு அதற்கு இரண்டாவது வேலைதான்.

தொன்மத்துக்கும் இது பொருந்துகிறது. நரசிம்மர் வருவது பகலுமற்ற இரவுமற்ற அந்தியில், உள்ளுமற்ற வெளியுமற்ற வாசற்படியில், மனிதனுமற்ற மிருகமுமற்ற உருவில். எல்லைக்கோட்டில் நிகழும் கதை அது. மார்பும் கழுத்தும் பிரியும் இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு தெரிந்தால், சிங்க முகமூடி போட்ட மனிதன்தான் நமக்குக் கிடைப்பான். பிடரி வழிந்து, தோள் தசையிலேயே மிருகத்தின் பாரம் தொடங்கி, விரல்களில் நகமாக அது மறுபடி எட்டிப் பார்த்தால்தான் ஓருயிராகத் தெரியும். மிருகத்தைத் தலையோடு நிறுத்திவிடக் கூடாது என்பது நான் மாணவர்களிடம் அடிக்கடி வற்புறுத்தும் விஷயம்.

அடுத்தது, நிற்கும் விதம். கல் தன் பாரத்தைத் தானே தாங்கும். உலோகத்துக்கு இழுவிசையைத் தாங்கும் வலிமை உண்டு. ஈரமண்ணுக்கு இரண்டும் கிடையாது. நீட்டிய கை தொங்கும், ஒல்லிக் கால் வளையும். உள்ளே இரும்புக் கம்பியை வைத்துத் தாங்கலாம் என்றால், மண் சுருங்கும், கம்பி சுருங்காது; கம்பியைச் சுற்றி மண் கிழியும். ஆகவே உருவமே தன் தாங்கலைத் தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். நம் மரபில் வகுத்த திருமேனிகளைக் களிமண் கண்ணோடு பார்த்தபோது எனக்குப் பெரும் வியப்பு ஏற்பட்டது. யோக நரசிம்மர் குத்துக்காலிட்டு அமர்ந்து, முழங்கால்களை யோகப் பட்டையால் கட்டி, முன்கைகளை முழங்கால்மேல் நீட்டி வைத்திருக்கிறார். காற்றில் தொங்கும் உறுப்பு ஏறக்குறைய இல்லை. பிள்ளையாரின் துதிக்கை வயிற்றின்மேலோ கையின்மேலோ படிந்திருக்கிறது. நாககன்னியின் வால் சுருண்டு அடிபீடமாகிவிடுகிறது. மேலுடல் எவ்வளவு ஒயிலாகச் சாய்ந்தாலும் பாரம் கீழே பரந்து இறங்குகிறது. இவை மண்ணுக்காகவே வகுக்கப்பட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மண்ணில் செய்பவர் இவற்றிலிருந்து தொடங்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இத்தாலியின் வெயி நகரில் 1916இல் அகழ்ந்தெடுத்த, பழங்காலத்தில் அங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் என்ற மக்கள் செய்த அப்போலோ தெய்வத்தின் சிலை இதற்கு நேர் எதிரான துணிச்சல். ஏறக்குறைய கி.மு. 510ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஆள் உயரம், கோயில் கூரையின் உச்சியில் நின்றது. அப்போலோ அடியெடுத்து நடக்கிறார். சுடுமண்ணில் இரண்டு கணுக்கால்களில் ஓர் ஆளின் பாரத்தை நிறுத்த முடியாது. அதனால் கால்களுக்கு நடுவே கெட்டியான ஒரு தாங்கு நிற்கிறது. அதை மறைக்க முயலாமல், சுருள் வேலைப்பாடு செய்து அலங்காரமாகவே காட்டியிருக்கிறார்கள். தாங்கு இருக்கிறது என்று வெட்கப்படாத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அதைப் பார்த்த பிறகு என் நிற்கும் உருவங்களில் தாங்கை ஒளிப்பதை விட்டுவிட்டேன். மரத்தண்டாகவோ, புடைவை மடிப்பாகவோ, விழுந்த எதிரியின் உடலாகவோ கதைக்குள்ளிருந்தே அது வந்துவிடுகிறது.

நம் ஊர்களின் ஐயனார் குதிரைகளை இந்த வரிசையில் மிக உயர்ந்த இடத்தில் வைக்கிறேன். ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் அந்தக் குதிரைகளை வேளார் குயவர்கள் உள்ளீடற்றவையாகக் கட்டுகிறார்கள். மண்ணோடு மணலும் உமியும் சேர்க்கிறார்கள். கால்கள் முதலில் உருளைகளாக எழுகின்றன. அவற்றின்மேல் வயிறு, பிறகு மார்பு, கழுத்து. குதிரையின் மார்பிலும் கழுத்திலும் வரிசையாக மணிகள், பட்டைகள், சலங்கைகள் இருக்கும். என் கண்ணுக்கு அவை பெரும்பாலும் ஒரு பகுதி மற்றொன்றோடு சேரும் இடங்களிலேயே விழுகின்றன. அலங்காரமும் கட்டுமானமும் ஒரே கையிலிருந்து வருவதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்கிறேன். சுடுமண் சிற்பம் கற்க வெளிநாட்டுப் பயிற்சி தேடும் நண்பர்களிடம், முதலில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நமணசமுத்திரத்துக் குதிரை வரிசையை ஒரு நாள் முழுக்கச் சுற்றிவந்து பாருங்கள் என்கிறேன். உடைந்து கிடக்கும் பழைய குதிரைகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உடைந்த வாயில்தான் சுவரின் கனமும், திரி அடுக்கிய வரியும், உமி எரிந்துபோன துளைகளும் தெரியும். எந்தப் புத்தகமும் அதைக் காட்டாது.

கலப்பு உருவங்களில் என்னை விட்டு நீங்காதது கிரேக்கத்தின் யூபியா தீவில், லெஃப்கந்தியில் கிடைத்த குதிரைமனிதன். கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயரம் வெறும் 36 சென்டிமீட்டர். குதிரை உடல், சக்கரத்தில் வனைந்த ஓர் உருளை. அதாவது பக்கவாட்டில் படுக்கவைத்த ஒரு பானை. அதன்மேல் மனித மார்பும் தலையும் கையால் வைத்துச் சேர்த்தவை. வனைபவரின் அறிவும் சிற்பியின் அறிவும் ஒரே உடலில் சேர்ந்திருக்கின்றன. முன்காலின் முழங்காலில் வேண்டுமென்றே போட்ட ஒரு வெட்டு இருக்கிறது. கிரேக்கத் தொன்ம வீரன் ஹெராக்ளீஸின் அம்பு பட்டு ஆறாத காயத்தோடு வாழ்ந்த ஞானி கைரோன் இதுவாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்வது அந்த வெட்டை வைத்துத்தான். வலக்கையில் ஆறு விரல்கள். வியப்பான செய்தி இன்னொன்று: தலை ஒரு கல்லறையிலும் உடல் பக்கத்துக் கல்லறையிலும் கிடைத்தன. கழுத்து என்ற இணைப்பு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் பிரிக்கத்தக்க இடமாகவே இருந்திருக்கிறது. ஒரே ஒரு கீறலால் ஒரு முழுக் கதையையும் உருவத்துக்குள் கொண்டுவந்த அந்தப் பெயர் தெரியாத கலைஞரிடம் நான் கற்றது இது: தொன்மத்தைச் சொல்ல அதன் அத்தனை அடையாளங்களையும் அடுக்க வேண்டியதில்லை, கதை வலிக்கும் இடம் ஒன்றைத் தொட்டால் போதும்.

மண் கலவையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வோர் இடத்து மண்ணும் வேறு. பானை மண் அப்படியே சிற்பத்துக்கு உதவாது. மிக நுண்மையானது, அதிகம் சுருங்கும். சுட்ட மண்ணை இடித்துச் சலித்த பொடியை நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு கலந்தால் சுருக்கம் குறையும், ஈரம் வெளியேற வழி கிடைக்கும். நுணுக்கமான விரல்களுக்கு மெல்லிய பொடியும், உடலுக்குப் பருத்த பொடியும் என்று இரண்டு கலவை வைத்துக்கொள்ளும்போது, இரண்டின் சுருக்கமும் ஒன்றா என்று பத்து சென்டிமீட்டர் கோடு கீறிய பட்டைகளைச் சுட்டு அளந்துவிட வேண்டும். ஊறவைத்துக் கூழாக்கிய காகித நாரைச் சேர்த்த மண் இன்னொரு நல்ல வழி. நார் சூளையில் எரிந்துபோகும். அதுவரை மண்ணைப் பிடித்துவைத்திருக்கும். காய்ந்த துண்டோடு காய்ந்த துண்டை ஒட்டுவதும் அந்த மண்ணில் சாத்தியம். கொம்பு, இறகு, காது மடல் போன்றவற்றுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஈரத்தோடு நாள் கணக்கில் வைத்தால் அழுகி நாற்றமெடுக்கும். தேவைக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

காயவைப்பதில் அவசரம் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு: எல்லா இடமும் ஒரே வேகத்தில் காய வேண்டும். கொம்பின் நுனி காலையிலேயே காய்ந்துவிடும். தொடை மாலையிலும் ஈரமாக இருக்கும். அதனால் மெல்லிய உறுப்புகளைப் பிளாஸ்டிக் துண்டால் சுற்றிவைத்து, தடித்த இடங்களைத் திறந்துவைக்கிறேன். நீட்டிய கைக்குக் கீழே முட்டுக் கொடுக்கும் தூணை அதே மண்ணில் செய்து வைத்தால் சிற்பத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும். மரக்கட்டையை வைத்தால் கை மேலே தள்ளப்பட்டு அக்குளில் வெடிக்கும். அடிப்பாகம் பலகையில் ஒட்டிக்கொள்ளாமல் நகர்ந்து சுருங்க, கீழே மணலோ மண்பொடியோ தூவ வேண்டும். காய்ந்துவிட்டதா என்று அறிய, சிற்பத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். ஈரம் மிச்சமிருந்தால் குளிர்ச்சி தட்டும்.

உள்ளே காற்று அடைபட்டால் சிற்பம் வெடிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெடிக்கவைப்பது பெரும்பாலும் ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரிகிறது. வெளியேற வழி இல்லாத தடித்த சுவரைச் சிதறடித்துவிடுகிறது. அதனால் அரை மீட்டர் உயர உருவத்துக்குச் சுவர் ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கப் பார்த்துக்கொள்கிறேன். அடைபட்ட ஒவ்வோர் அறைக்கும் ஒரு துளை தேவை. நாககன்னியின் வாலைப் போல் சுருண்ட குழாய்களில் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு உள்ளேயே துளை போட்டுக் கடைசிச் சுற்றில் வெளியே விட வேண்டும். துளையை எங்கே வைப்பது என்பதிலும் பழங்காலக் கலைகள் வழிகாட்டுகின்றன. நைஜீரியாவின் நோக் பண்பாட்டுச் சுடுமண் தலைகளில் கண்மணிகள் குத்தித் துளைத்தவை. மூக்குத் துளைகளும் திறந்தே இருக்கின்றன. ஆவி வெளியேறும் வழியாகவும் பார்வையாகவும் ஒரே துளை அமைகிறது. ஜப்பானின் பழைய மண்மேட்டுக் கல்லறைகளைச் சுற்றி நிறுத்திய ஹானிவா உருவங்களிலும் கண்ணும் வாயும் சுவரையே வெட்டித் திறந்தவை. உள்ளே இருக்கும் இருட்டுதான் பார்க்கிறது. என் உருவங்களின் கண்ணை வரைவதை விட்டுவிட்டுத் துளைக்கத் தொடங்கியது இவற்றைப் பார்த்துத்தான்.

சூளையில் நான் மூன்று இடங்களில் நிதானம் காட்டுகிறேன். முதலாவது 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. 80, 90 டிகிரியில் ஓர் இரவு முழுவதும் நிறுத்திவைக்கிறேன். சூளையின் மேல்துளைக்கு எதிரே ஒரு கண்ணாடியைப் பிடித்தால் ஈரம் மிச்சமிருக்கும்வரை பனி படியும். கண்ணாடி தெளிவாக இருந்தால் மேலே போகலாம். இரண்டாவது, ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரி வரை. மண்ணின் அமைப்போடு வேதியியலாகக் கட்டுண்ட நீர் அப்போதுதான் வெளியேறுகிறது. இதன் பிறகு மண் மறுபடி கரைந்து சேறாகாது. அதற்குள்ளேயே வரும் 573 டிகிரி மூன்றாவது இடம்: மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகங்கள் திடீரென விரியும் புள்ளி. ஏறும்போது கவனமாக இருப்பவர்கள் பலர் இறங்கும்போது மறந்துவிடுகிறார்கள். குளிரும்போதும் அதே புள்ளியில் அவை சுருங்குகின்றன. கழுத்திலும் கணுக்காலிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் அப்போதுதான் விழுகிறது. என் சிவப்பு மண்ணை 1050 டிகிரி வரை கொண்டுபோகிறேன். பிறகு சூளை 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை கதவைத் தொடுவதில்லை. பார்க்கும் ஆசை எவ்வளவு இருந்தாலும் சரி.

மேற்பூச்சுக்கு அதிகம் சொல்ல மாட்டேன். பளபளக்கும் கண்ணாடிப் பூச்சு இத்தகைய உருவங்களின் வடிவத்தை மறைக்கிறது என்பது என் கருத்து. மிக நுண்ணிய களிமண் குழம்பைப் பூசி, பாதி ஈரத்தில் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறேன். சில இடங்களில் இரும்பு ஆக்சைடு கரைசலைப் பூசித் துடைத்தெடுத்தால் பள்ளங்களில் மட்டும் கருமை தங்கும். மாங்கனீசு கலந்த பூச்சுகளைச் சுடும்போது வரும் புகை நரம்புகளைத் தாக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் அவற்றைத் தொடவே வேண்டாம்.

சூளையை விடப் பெரிய உருவம் வேண்டும் என்றால் துண்டாக்க வேண்டியதுதான். இத்தாலியின் செர்வெத்தெரியில் கிடைத்த எத்ருஸ்கத் தம்பதியர் ஈமப்பேழை ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். நான்கு துண்டுகளாகச் செய்து சேர்த்தது. ஷியான் அருகே 1974இல் வெளிப்பட்ட சீனப் பேரரசரின் மண்படையில் தலைகள் தனியாகச் செய்து கழுத்துத் திறப்பில் பொருத்தியவை. வெட்டும் கோட்டை உருவம் தானே பிரியும் இடத்தில் போடுகிறேன்: இடைக்கச்சை, பிடரியின் விளிம்பு, சேணத்தின் ஓரம். கீழ்த்துண்டின் வாயில் உள்பக்கமாக ஓர் உதடு எழுப்பிவிட்டால் மேல்துண்டு அதில் உட்காரும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தே, நடுவில் மெல்லிய காகிதமிட்டுக் காயவையுங்கள். தனித்தனியாகக் காய்ந்தால் வாய்கள் பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. காய்ந்த மண்ணைத் தேய்க்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி மீளாத நோயைத் தரும். ஈரமாக இருக்கும்போதே செதுக்கி முடித்துவிடுங்கள். பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் நுண்தூசை வடிகட்டும் முகமூடி கட்டாயம். துணிக்கட்டு போதாது.

இப்போது என் மேசையில் இருப்பது நவகுஞ்சரம். ஒடிய மகாபாரத மரபில் வரும் உருவம்: சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடுப்பு, பாம்பு வால், மூன்று வெவ்வேறு விலங்குகளின் கால்கள், நான்காவது காலுக்குப் பதில் தாமரை ஏந்தி உயர்த்திய ஒரு மனிதக் கை. காட்டில் இதைக் கண்ட அர்ச்சுனன் வில்லை எடுக்கிறான். அந்தக் கையைப் பார்த்ததும் இறைவன் என்று உணர்ந்து வில்லைத் தாழ்த்துகிறான். ஒன்பது உயிர்கள் ஓருடலில் சேர்வதால், இணைப்புகளும் அத்தனை. மூன்று காலில் நிற்க வேண்டும், முன்னே ஒரு கை வெறும் காற்றில் உயர வேண்டும். யானைக் காலை மட்டும் பருமனாக, பாரம் தாங்கும் உருளையாக எழுப்பி, மற்ற இரண்டையும் அதைவிட மெலிதாக விட்டிருக்கிறேன். பாம்பு வாலை முதுகின்மேல் வளைத்துக் கழுத்தில் சாய்த்ததால் மயில் கழுத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிடி கிடைத்தது. கையை உடலோடு சேர்த்துச் சுடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தோளில் ஒரு குழி விட்டு, காகித மண்ணில் தனியாகச் செய்து, சுட்ட பிறகு பொருத்தலாம். கதையின்படி அர்ச்சுனன் கடைசியாகப் பார்ப்பதும் அந்தக் கையைத்தான். அதன் விளிம்பில் கோடு தெரிந்தாலும் பரவாயில்லை என்று இப்போதைக்குத் தோன்றுகிறது. காளைத் திமிலும் சிங்க இடுப்பும் சேரும் இடம் இன்னும் சரியாக வரவில்லை. அடுத்த வாரம் அதைத் திறந்து உள்ளே இன்னொரு திரி வைக்க வேண்டும்.